மார்பகச் சிகிச்சை சரியில்லையா? முதலில் ஃபைலைக் கேளுங்கள்

கே: எட்டு மாதம் முன்பு மார்பகத்தில் சிலிகான் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். வலது பக்கம் கல் மாதிரி இறுகி மேலே ஏறிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. 'ஏதாவதென்றால் ஃப்ரீயாகச் சரிசெய்து தருவோம்' என்றவர்கள் இப்போது ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்.
- வாசகி, கோவை

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டும். எல்லாருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அந்த உறை சுருங்கி நெரிக்கும். டாக்டர்கள் இதை நான்கு படியாகப் பிரிப்பார்கள். உருவம் கெட்டால் மூன்றாவது, வலியும் சேர்ந்தால் நான்காவது. அந்த நிலையில் உறையை எடுத்து இம்ப்ளாண்டை மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் கைதேர்ந்த டாக்டரிடம் போனவர்களுக்கும் இது வருகிறது. இறுகியது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொன்னார்களா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

அதனால் ஃபைலை எழுதிக் கேளுங்கள்: அறுவைக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளாண்ட் டப்பாவில் வரும் சீரியல் நம்பர் ஸ்டிக்கர். மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். அதோடு வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்து (எம்.சி.ஹெச். என்ற அறுவை மேற்படிப்பு படித்தவரா என்று விசாரித்துவிட்டு) அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த 'ஃப்ரீ'. இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. எது ஃப்ரீ? சர்ஜன் ஃபீஸ் மட்டுமா? தியேட்டர், மயக்க மருந்து, புது இம்ப்ளாண்ட் எல்லாம் யார் தலையில்? எத்தனை மாதம் வரை? பணம் கட்டும்வரை வாய் நிறையச் சொல்வார்கள், ரசீதில் ஒரு வரி இருக்காது. நான் வாங்கிய இன்வெர்ட்டருக்கும் 'லைஃப்டைம் வாரண்டி' கொடுத்தார்கள். யாருடைய லைஃப் என்பது கடையை மூடியபோதுதான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் அந்த வார்த்தை வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அழித்துவிடப் போகிறார்கள். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 வருடம்.

கே: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. உடனே வேறு டாக்டரிடம் மாற்றிக்கொள்ளலாமா?
- வாசகி, திருச்சி

ப: வீக்கமே வடியவில்லை, அதற்குள் என்ன அவசரம்? ஆறு மாதமாவது பொறுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: மனைவி போதும் என்கிறாள். எனக்குத்தான் திருப்தியில்லை. இன்னும் பெரிய சைஸ் மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகர், மதுரை

ப: உடம்பு அவருடையது. அடுத்த கடிதம்.

கே: 2017-ல் வைத்தது. ஏதோ கம்பெனி திரும்பப் பெற்றதாகப் படித்தேன். எந்தக் கம்பெனி வைத்தார்கள் என்று தெரியாது. பேப்பர்களை வீடு மாறும்போது போட்டுவிட்டேன்.
- வாசகி, சென்னை

ப: உடம்புக்குள் வைத்துக்கொண்ட பொருளின் பெயர்கூடத் தெரியாது என்கிறீர்கள்! நீங்கள் படித்தது அலர்கான் கம்பெனியின் பயோசெல் வகை, சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளது. இம்ப்ளாண்டைச் சுற்றி அரிதாக வரும் ஒரு லிம்போமாவோடு (ஒருவகைப் புற்றுநோய்) தொடர்பு தெரிந்ததால் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். தொந்தரவு இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை என்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது. பல வருடம் கழித்து வீக்கம் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஆஸ்பத்திரி 3 வருடம்தான் ஃபைலை வைத்திருக்கக் கடமைப்பட்டது; இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். செலவுக்கு யோசனையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டலாம்.

கே: ஆபரேஷன் பயம். மசாஜ் எண்ணெய் விளம்பரம் நம்பலாமா?
- வாசகி, சேலம்

ப: கூடாது. மார்பக வடிவத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம்.

கே: ரிவிஷனுக்கு (மறு ஆபரேஷனுக்கு) இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
- வாசகி, ஈரோடு

ப: அழகுக்காகச் செய்தது என்றால் கிடைக்காது. புற்றுநோய், விபத்து, தீக்காயத்துக்குப் பிறகு சீரமைப்பது வேறு கணக்கு, அதற்குக் கேளுங்கள். அழகு அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, கொட்டேஷனில் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று அட்வான்ஸ் கட்டுமுன் பாருங்கள்.