போர் தண்ணீர் டி.டி.எஸ். 1000 இருந்தால் மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. வாங்கலாமா?

100 லிட்டர் தொட்டி, கப்பியும் நியான் டெட்ராவும் சேர்த்து வளர்க்க ஆசை, போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 1000 காட்டுகிறது, என்ன மெஷின் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மோலி மட்டும் என்றால் செலவே வேண்டாம், அது உப்புத் தண்ணீருக்கும் ஈடுகொடுக்கும். நியான் கேட்பது மென்னீர், அதாவது கடினத்தன்மை குறைந்த தண்ணீர், அதனால் ஆர்.ஓ. தேவைதான். ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது, போர் தண்ணீரோடு கலந்துதான் விட வேண்டும்.

காரணம் கேஹெச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைச் சமன் செய்வது கேஹெச்தான். ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய பூஜ்யம். அதை மட்டுமே ஊற்றி வந்தால் சில வாரங்களில் பி.ஹெச். (அமில-கார அளவு) கீழே இறங்கும். சோதனைக் குப்பியில் திரவம் மஞ்சளாகவே நிற்கும், மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். தண்ணீர் என்னவோ கண்ணாடி போலத்தான் இருக்கும்! பி.ஹெச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையும் படுத்துவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் கேஹெச் எவ்வளவு என்று சொல்லாது. அதற்குச் சொட்டு கிட் வேண்டும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆகிறதோ அத்தனை டிகிரி.

இரண்டு மீனுக்கும் பொதுவாக 250 டி.டி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் 50, போர் 1000 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போர், மீதி ஆர்.ஓ. வாரம் 25 லிட்டர் மாற்றினால் 5 லிட்டர் போர், 20 லிட்டர் ஆர்.ஓ. போரின் கேஹெச் 15 என்றால் கலவையில் 3 வரும். கேஹெச்சை ஒரு டிகிரி ஏற்ற 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போதும்.

வாரம் 20 லிட்டர்தானே, சமையலறையில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் அதுவே போதும். 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்பரேன், அதாவது உப்பை வடிக்கும் சவ்வு, மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் தரும். ஆனால் தண்ணீரில் செம்பு சேர்க்கும் 'காப்பர்' மாடலா என்று பாருங்கள். செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். புதிதாக வாங்கினால் செடிமென்ட், கார்பன், மெம்பரேன், பம்ப் மட்டும் உள்ள அசெம்பிள் மெஷின் போதும். யு.வி. கடினத்தன்மையைத் தொடாது. டி.டி.எஸ். கன்ட்ரோலரையும் மினரல் காட்ரிட்ஜையும் நான் தவிர்க்கச் சொல்வேன், கலவை உங்கள் கையில் இருப்பதே நல்லது. புது மெம்பரேனின் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள்.

வாட்டர் சாஃப்ட்னரை இதற்கென்று வாங்காதீர்கள். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, டி.டி.எஸ். பெரிதாகக் குறையாது. ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீர் 1300-க்கு மேல் இருக்கும். செடிக்கு ஊற்றாமல் டாய்லெட்டுக்குப் பயன்படுத்துங்கள்.

அபார்ட்மென்ட் சம்ப்பில் லாரி அல்லது குழாய்த் தண்ணீர் கலந்தால் குளோரின் இருக்கும், அந்தப் பங்குக்கு ஆன்டி குளோரின் போடுங்கள். ஏற்கெனவே 1000-ல் மீன் இருந்தால் ஒரே நாளில் 250-க்கு இறக்காதீர்கள். உப்பு சட்டென்று குறைந்தால் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஏறும். வாரம் 15–20 சதவீதம் மாற்றி மெதுவாக இறக்குங்கள்.

ஆவியாகிக் குறைவதை நிரப்ப மட்டும் கலவை வேண்டாம், தனி ஆர்.ஓ. விடுங்கள். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கோடையில் கலவையாலேயே நிரப்பி வந்தால் மீட்டர் மறுபடி ஏறிவிடும்.