மூன்று முறை மருந்து வைத்தும் அரிப்பு திரும்ப வருகிறது

கேள்வி: எனக்கு வயது 38. வெள்ளவத்தையில் இருக்கிறோம், கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஆறேழு மாதமாக வெள்ளைபடுதலும் அரிப்பும். பாமசியில் சொல்லி உள்ளே வைக்கும் குளிசை வாங்கி வைத்தால் ஒரு கிழமையில் குறையும், அடுத்த மாதம் திரும்ப வரும். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. தினமும் டெட்டோல் கலந்த தண்ணீரால் கழுவுகிறேன். கேன்சராக இருக்குமோ என்று பயம். ஆண் டொக்டரிடம் காட்டவும் கூச்சம். இன்னொன்று, அம்மாவுக்கு 63 வயது, சீனி வருத்தம் உண்டு. மாதவிடாய் நின்று பல வருடம். போன மாதம் இரண்டு நாள் லேசாக இரத்தம் பட்டது, தானாக நின்றதால் விட்டுவிட்டோம்.

பதில்: நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். உங்கள் அரிப்பு சில நாள் பொறுக்கும், அம்மாவின் இரத்தப்போக்கு பொறுக்காது.

மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தானாக நின்றுவிட்டது என்பதால் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சிறியதுதான்: ஹோர்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து வறண்டு போயிருக்கும், இல்லையென்றால் ஒரு சிறு சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் இப்படி வருகிற பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருக்கிறது. சீனி வருத்தம், உடற்பருமன், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கர்ப்பப்பையை எடுக்கும் ஒரு சத்திரசிகிச்சையோடு குணமாகிவிடும் பெண்கள் ஏராளம். அந்த இரண்டு நாள் இரத்தம்தான் நேரத்தோடு கிடைத்த எச்சரிக்கை. இந்தக் கிழமைக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும் டி சொய்சா ஆஸ்பத்திரியும் இருக்கின்றன, இரண்டிலும் செலவில்லை. முதலில் ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிப்பைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அங்கிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். சீனிக் கிளினிக் கொப்பியும் அம்மா குடிக்கும் எல்லா மருந்துகளும் கையில் இருக்கட்டும். இரத்தத்தை இளக்கும் குளிசை ஏதாவது குடிக்கிறாரென்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் விஷயம்.

வெள்ளைபடுதல் எல்லாமே நோய் இல்லை. மாதத்தின் நடுவில் வழுவழுப்பாக, கண்ணாடி போல வரும். மாதவிடாய்க்கு முன் கொஞ்சம் கெட்டியாக, வெள்ளையாக வரும். மணமோ அரிப்போ இல்லாவிட்டால் அது இயல்பு. உடம்பின் சத்தெல்லாம் கரைந்து போகிறது என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டு எத்தனையோ இளம் பெண்கள் வீணாகக் கவலைப்பட்டு மெலிந்து போகிறார்கள். அது உண்மையில்லை.

அரிப்போடு தயிர்க்கட்டி போல வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறமாக, நீர்த்து, மீன் நாற்றம் அடித்தால், அதுவும் கணவரோடு சேர்ந்த பிறகு கூடினால், அது பக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கொமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இதற்குக் கணவனும் மனைவியும் ஒன்றாக மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். பூஞ்சைக்குத் தரும் மருந்து வேறு, மற்ற இரண்டுக்கும் தரும் மருந்து வேறு. பாமசியில் "அரிப்பு" என்று சொன்னால் கிடைப்பது அனேகமாகப் பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல்தான். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆகவே நான்காவது முறையும் அதையே வாங்க வேண்டாம். ஆணுறை பாவிப்பவர்கள் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும்.

பூஞ்சைதான் என்று உறுதியாகி, அது திரும்பத் திரும்ப வந்தால் முதலில் நான் கேட்பது இரத்தச் சீனி. அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு உண்டு. சீனி கூடியிருப்பதை அரிப்பு வந்துதான் கண்டுபிடித்த பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். வெறும் வயிற்றில் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். அண்மையில் வேறு வருத்தத்துக்கு அன்டிபயோட்டிக் குடித்தீர்களா என்பதையும் யோசியுங்கள்.

டெட்டோலை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சுத்தம் என்று நினைத்துச் செய்வதுதான் அங்கே பாதி வேலையைக் கெடுக்கிறது. யோனிக்குள் இருக்கும் நல்ல பக்டீரியாக்கள் அந்த இடத்தை இலேசான புளிப்பில் வைத்து மற்றக் கிருமிகளைத் தடுக்கின்றன. டெட்டோல், சவர்க்காரம், வாசனைத் திரவம் எல்லாம் அவற்றை அழித்துவிடும், தோலையும் எரியவைக்கும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும், உள்ளே கழுவவே தேவையில்லை. கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் போய் வந்து, இறுக்கமான கால்சட்டையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் ஈரம் காயாது. பருத்தி உள்ளாடை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

கேன்சர் பயத்துக்கு வருகிறேன். அரிப்பும் வெள்ளையும் மட்டும் என்றால் அது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அடையாளம் இல்லை. கணவரோடு சேர்ந்த பிறகு இரத்தம் படுவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே இரத்தம் வருவது, இரத்தம் கலந்து நாற்றத்தோடு நீர் வடிவது, இவைதான் உடனே பார்க்க வேண்டியவை. ஆனால் அந்தப் புற்றுநோய்க்கு முந்தைய நிலை ஒரு அறிகுறியும் காட்டாது. அதற்காகத்தான் 1996 முதல் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35, 45 வயதில் எல்லாப் பெண்களையும் அங்கே அழைக்கிறார்கள். நீங்கள் 35இல் போகவில்லையென்றால் இப்போது போகலாம். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் எந்த நாளில் நடக்கிறது என்று சொல்வார். மார்பையும் அங்கே பார்ப்பார்கள், பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள்.

கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வெள்ளைபடுதலுக்குச் செய்யும் உட்பரிசோதனை சில நிமிடம்தான்: படுத்திருக்கும்போது ஸ்பெகுலம் என்ற கருவியை மெல்ல வைத்து, வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் திரவம் எடுப்பார்கள். உடம்பை இறுக்காமல் மெதுவாக மூச்சு விட்டால் வலி குறைவு. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டொக்டராக இருந்தாலும் பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வேண்டாம் என்று எந்த இடத்திலும் நிறுத்தலாம். சிங்களத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் எப்போது தொடங்கியது, என்ன நிறம், என்ன மருந்து வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், மருந்துப் பெட்டியையும் சேர்த்து. பாலியல் தொற்று என்ற சந்தேகம் இருந்தால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கும் அரச கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பார்ப்பார்கள்.

அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் தள்ளிப் போயிருந்து கர்ப்பமாக இருக்கலாம் என்றால் டொக்டரைக் கேட்காமல் எந்தக் குளிசையும் விழுங்காதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது மாதவிடாய் இல்லாத நாளாகப் பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே மருந்து வைக்கவோ கழுவவோ வேண்டாம், அப்போதுதான் எடுக்கும் மாதிரியில் உண்மை தெரியும்.