தீபாவளி சீசனில் பட்டாசுக் கடை வேலை: கேள்வி பதில்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசுக் கடைகளில் வேலைக்குப் போகிறவர்களும் அவர்களை வேலைக்கு வைக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தீயைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். சம்பளம், போனஸ் பற்றிக் கேட்டவர்கள் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.

கல்லூரி மாணவர், தர்மபுரி: ஐயா, ஓசூர் பக்கம் ஒரு பட்டாசுக் கடையில் சீசன் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம் அவர்களே தருகிறார்கள். போனதும் எதைக் கவனிக்க வேண்டும்?

தம்பி, பையை இறக்கி வைக்கும் முன்பே கடையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இன்னொரு கதவு இருக்கிறதா? பூட்டாமல் இருக்கிறதா? வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? நிரந்தர உரிமம் உள்ள கடைக்குத் தனியாக அவசர வழி இருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. உள்பக்கம் திறக்கிற கதவென்றால், பயந்து ஓடிவரும் நாலு பேர் அதன்மேல் சாய்ந்துவிட்ட பிறகு யாராலும் அதை இழுத்துத் திறக்க முடியாது.

நீங்கள் ஓசூர் என்று சொன்னதால் அழுத்திச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடித்தது. வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். முதலில் 14 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் சிலர் பிறகு இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

லோடு இறங்கும் நேரத்தில்தான் அதிக கவனம் வேண்டும். வாசலை மறித்து வண்டி நிற்கும். இறக்கிய பெட்டிகளை 'அப்புறம் அடுக்கிக்கொள்ளலாம்' என்று நடைவழியிலேயே போடுவார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு பெட்டி கிடந்தால் போதும், புகையில் ஓடுகிறவர் அதில் தடுக்கி விழுவார், பின்னால் வருகிறவர் அவர்மேல் விழுவார். லோடு வரும்போது வியாபாரத்தை நிறுத்தி, வாடிக்கையாளர்களை வெளியே நிற்கவைக்கச் சொல்லுங்கள். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தாமல் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள். தற்காலிகக் கொட்டகைகளில் விளக்கைச் சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும், ஒயரில் தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும். ஒயரை முறுக்கி செலோடேப் சுற்றிய இணைப்பு ஏதாவது பெட்டிகளுக்கு மேலே தெரிந்தால் அதை மாற்றும்வரை அங்கே நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. சரக்கில் தீப்பொறி விழுந்துவிட்டால் ஓடுங்கள். போனை எடுக்கவோ கல்லாவைப் பூட்டவோ நிற்காதீர்கள்.

அதே மாணவர்: தங்குமிடம் என்பது கடைதானாம். சரக்குக்குக் காவலாக இருக்குமாம். இரவில் அங்கே தூங்கலாமா?

கூடாது. வேறு இடம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அந்த வேலை வேண்டாம்.

ஜவுளிக்கடை விற்பனையாளர், மதுரை: காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்க்கிறோம் சார். தீபாவளி நெருங்கினால் கால் வீங்கிவிடுகிறது.

உட்கார உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது அம்மா. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்தார்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். என் பங்குக்கு ஒன்று: உங்கள் கடை மாடிப்படியில் இப்போது புடவைக் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள். மேல்மாடியில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி.

கடை உரிமையாளர், சேலம்: சார், பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்வது எளிது. சீசனில் உள்ளே லட்சக்கணக்கில் சரக்கு இருக்கிறது. போன வருஷம் பின்பக்கமாகவே பெட்டி பெட்டியாகக் காணாமல் போனது. சாவி மேனேஜர் இடுப்பில்தான் இருக்கும், அவசரம் என்றால் திறந்துவிடுவார்.

உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சாவி உதவாது. தீ வாசல் பக்கம் பிடித்திருக்கிறது, மேனேஜர் வாசலில் கல்லாவில் இருக்கிறார், உள்ளே இருக்கும் பையன்களிடம் சாவி இல்லை. மேனேஜரே பின்னால் இருந்தாலும், பட்டாசுப் புகையில் கண்ணைத் திறக்க முடியாது. கைநடுக்கத்தில் சாவிக்கொத்திலிருந்து சரியான சாவியைத் தடவி எடுத்துப் பூட்டில் நுழைக்க நேரம் கிடைக்காது.

திருட்டுக்கு வழி இருக்கிறது. உள்ளிருந்து கையால் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத கதவு போடலாம். திறந்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஒரு கேமரா வைக்கலாம். பூட்டு மட்டும் வேண்டாம்.

இன்னொரு வாசகர், ஈரோடு: சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலும், நீங்கள் எல்லாரையும் ஓடச் சொல்கிறீர்கள். அப்புறம் தீயணைப்பான், மணல் வாளி எல்லாம் எதற்கு வைக்கச் சொல்கிறார்கள்? ஒருவர் துணிந்து நின்றால் கடையே தப்பிக்குமே.

நல்ல கேள்வி. எதில் தீ என்பதைப் பார்க்க வேண்டும். குப்பைக்கூடையில், காலி அட்டைப்பெட்டியில் பிடித்த தீயை வாளித் தண்ணீரால் அணைக்கலாம். ஒயரில் என்றால் மெயினை அணைத்துவிட்டுத் தீயணைப்பானை அடிக்கலாம். வாளியும் அணைப்பானும் அதற்குத்தான், அவை வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரக்கில் பிடித்த தீ வேறு. பட்டாசு மருந்தில் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. சூடேறினால் அதுவே ஆக்சிஜனை வெளியிடும். மற்ற தீக்குக் காற்றை மறித்தால் அணையும். இதற்கு வெளிக்காற்றே தேவையில்லை. மணலைக் கொட்டினாலும், கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். ஒரு பெட்டியின் திரி சீறியதும் அடுத்த பெட்டி, அதற்கடுத்தது என்று போய்விடும். துணிந்து நிற்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவரைத் தேடி இன்னும் இரண்டு பேர் உள்ளே போவார்கள்.

இதையும் கேளுங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல. காப்பாற்றவும் என்ன நடந்தது என்று பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் ஓடுங்கள் என்கிறேன். ஓடிய பிறகு 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள், திரும்பி உள்ளே போகாதீர்கள்.

ஈரோடு வாசகர்: மருந்தே ஆக்சிஜன் தரும் என்றால் தீயணைப்பு வண்டி வந்து மட்டும் என்ன செய்யும்?

நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரவைக்கும், பக்கத்துக் கட்டடங்களுக்குப் பரவாமல் தடுக்கும். வாளியால் அந்த அளவு தண்ணீர் தர முடியாது.

தற்காலிக ஊழியர், திருச்சி: அண்ணா, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கடையிலேயே படுக்கலாமா?

மேலே பதில் இருக்கிறது. கூடாது.

தாய், கிருஷ்ணகிரி: மகனுக்கு 17 வயது. கிப்ட் பாக்ஸ் பேக்கிங் மட்டும்தான், வெடிமருந்தைத் தொடும் வேலை இல்லை என்கிறார்கள்.

அனுப்பாதீர்கள் அம்மா. வெடிபொருள் சார்ந்த வேலையில் 18 வயது நிறையாதவர்களை வைப்பது சட்டப்படிக் குற்றம். பெட்டிக்குள் போவதும் பட்டாசுதான்.

ஊழியர், வேலூர்: வாடிக்கையாளர்கள் ஒன்றை வெடித்துக் காட்டு என்கிறார்கள். கடைக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது.

வேண்டாம். தற்காலிகக் கொட்டகையிலிருந்து 50 மீட்டருக்குள் பட்டாசு வெடிக்கக் கூடாது என்பது விதி. 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் கடைப்பக்கம் பட்டாசை வெடித்துப் பார்த்தபோது பறந்த பொறியால்தான் தீப்பிடித்தது என்று செய்தி வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

டெலிவரி ஊழியர், சென்னை: பார்சலை ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிடிபடுவது நீங்கள்தான், முதலாளி அல்ல.

ஊழியர், விழுப்புரம்: கையில் சுட்டுவிட்டால் முதலில் என்ன செய்வது?

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கண், மூட்டு என்றால் 108.

கடை உரிமையாளர், ஆரணி: கடைக்கு மேலே மாடி இருக்கிறது. பையன்கள் கடைக்குள் இல்லை, மாடியில்தானே தூங்குகிறார்கள்?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. ஆட்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே பட்டாசுக் கடையே இருக்கக் கூடாது என்கிறது விதி. இன்றிரவே அவர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். உரிமம் எப்படிக் கிடைத்தது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

கடை உரிமையாளர், சேலம்: சார், யோசித்துப் பார்த்தேன். பூட்டை எடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன தள்ளித் திறக்கும் கதவு எங்கே கிடைக்கும்? வரும்வரை என்ன செய்வது?

மிக்க மகிழ்ச்சி. தீயணைப்பு உபகரணம் விற்கும் கடையில் 'பேனிக் பார்' என்று கேளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கீலை மாற்ற வேண்டும். அதுவரை உள்பக்கம் நெஞ்சு உயரத்தில் ஒரே ஒரு தாழ்ப்பாள் போதும். இரும்புக்கடையில் கிடைப்பதிலேயே வழுக்கிக்கொண்டு திறப்பதாக வாங்குங்கள். எல்லா ஊழியர்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இன்று சேர்ந்தவர் உட்பட.