நவம்பரில் மொட்டைமாடி கான்கிரீட்: எந்த முன்னறிவிப்பை நம்புவது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வீடு கட்டுகிறோம். சென்ட்ரிங் முடிந்து கம்பி கட்டும் வேலை நடக்கிறது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் தளம் போட வேண்டும். போன் ஆப்பில் 12ஆம் தேதிக்கு முதலில் 90 சதவீதம் மழை என்று இருந்தது, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 20 சதவீதம். வெப்பநிலையும் 27 டிகிரியிலிருந்து 32க்குப் போய்விட்டது. எதை நம்பி ரெடிமிக்ஸுக்கு (ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) சொல்வது?

பதில்: பத்து நாள் முன்னாலேயே தேதியைக் குறித்துவிட்டு அதற்கு ஆப்பிடம் சம்மதம் கேட்பது வடகிழக்குப் பருவமழையில் வேலைக்கு ஆகாது. நான்கைந்து நாள் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்த நாள் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பு முடிவு செய்யுங்கள். ரெடிமிக்ஸ்காரரிடமும் பம்ப்காரரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கும் இது பழகிய பேச்சுதான்.

ஆப் ஏன் இப்படித் தாவுகிறது? பெரும்பாலான ஆப்கள் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப் போன்ற கணினி மாதிரிகளின் கணக்கை எடுத்து, உங்கள் ஏரியா பெயரைப் போட்டுக் காட்டுகின்றன. அந்தக் கணக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக ஓடுகிறது. இந்த மாதங்களில் நமக்குப் பெருமழை பெரும்பாலும் வங்கக்கடல் தாழ்வுப் பகுதிகளை நம்பித்தான் இருக்கிறது. இன்னும் உருவாகவே உருவாகாத தாழ்வுப் பகுதி எங்கே வந்து நிற்கும் என்று ஐந்து நாள் முன்பே சொல்லும்போது 200 கிலோமீட்டர் தள்ளிப்போவது சகஜம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர்தான். ஒரு கணக்கில் மழை உங்கள் தலைமேல், அடுத்த கணக்கில் நெல்லூரில். அதனால் எண்கள் தாவிக்கொண்டே இருந்தால் ஆப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடலில் ஏதோ உருவாகப் பார்க்கிறது, இடம் மட்டும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கான்கிரீட் வேலைக்கு அவசரப்படாதீர்கள்.

2024 அக்டோபர் நினைவிருக்கும். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வாரம்தான். 15ஆம் தேதி வெளுத்து வாங்கியது. ரெட் அலர்ட் இருந்த 16ஆம் தேதி பகலில் நகரின் பல பகுதிகளில் பெரிய மழையே இல்லை. மழை மேகங்கள் ஆந்திரப் பக்கம் ஒதுங்கிவிட்டன. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. இதற்கு நேர் எதிர்க் கதை 2023 டிசம்பரில் தெற்கே நடந்தது. பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை, வளிமண்டலக் கீழடுக்கு சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஆகவே 'புயல் ஒன்றும் இல்லையாமே' என்று யாராவது சொன்னால், அதை வைத்து மட்டும் கான்கிரீட் வண்டியை வரச்சொல்லாதீர்கள்.

வெப்பநிலை விஷயத்துக்கு வருவோம். 27, 32 என்று மாறுவதும் அதே குழப்பத்தின் இன்னொரு முகம்தான். மேகம் மூடி மழை பெய்தால் பகல் வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டாது. இரவிலும் மேகம் இருப்பதால் 23க்குக் கீழே அதிகம் இறங்காது. தாழ்வுப் பகுதி ஆந்திரா பக்கம் போய்விட்டால் நம் மேல் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும், வானம் தெளியும், 32 ஆகும். இதில் ஒரு வசதி உண்டு. மழை 80 சதவீதம், ஆனால் அதிகபட்ச வெப்பம் 31 என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு பாட்டம் பெய்து ஓயும் மழையாக இருக்கும். அதே 80 சதவீதத்துக்கு 26 என்றால் நாள் முழுக்க அடைத்துக்கொண்டு பெய்யும் என்று கணினி மாதிரி நினைக்கிறது. மற்றபடி இந்த ஐந்து டிகிரி வித்தியாசத்தால் உங்கள் கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் ஆப்பை மூடிவிட்டு வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம்: அவர்களுடைய 'நாள்' காலை 8:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30க்கு முடிகிறது. 12ஆம் தேதிக்கு ஆரஞ்சு என்றால் 13ஆம் தேதி அதிகாலை 4 மணி மழையும் அதில் சேர்ந்ததுதான். 'கன மழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல், 'மிக கன மழை' 115.6 முதல், 'அதி கன மழை' 204.5 முதல். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும்தான் அந்த மழை. மஞ்சள் எச்சரிக்கையோடு 'ஓரிரு இடங்களில்' என்று இருந்தால், நானாக இருந்தால் தார்ப்பாயைத் தயாராக வைத்துக்கொண்டு வேலையை நடத்துவேன். ஆரஞ்சு என்றால் தள்ளிவைப்பேன், வானம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும்.

சரி, நாள் முடிவாகிவிட்டது. அன்று காலை 6 மணிக்கு ரேடார் படத்தைப் பாருங்கள். வானிலை மையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். மேலே இருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் நேற்றையது. இரண்டு மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மேகத் திரள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரியும். கடலில் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திரள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இரண்டு மணி நேரத்தில் உங்கள் மாடியில். நவம்பரில் கடலோரத்தில் மழை பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து காலைக்குள் பெய்கிறது. அக்டோபர் இடிமழை மாலையில் வரும். எனவே காலை 8 மணிக்குக் கடல் பக்கம் சுத்தமாக இருந்தால் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது நல்லது. தளம் போட்ட முதல் நான்கைந்து மணி நேரம்தான் ஆபத்து. அதற்குள் வலுத்த மழை அடித்தால் மேல்பரப்பில் சிமென்ட் பால் கரைந்து ஓடிவிடும். இரவு மழை வரும்போது தளம் இறுகியிருக்கும், தார்ப்பாய் மேலே இருந்தால் போதும்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்பதை இன்ஜினியரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். சைட்டிலேயே கலவை போடுவதாக இருந்தால் எம்-சாண்ட், ஜல்லிக் குவியல்களை முந்தைய நாளே மூடச் சொல்லுங்கள். நனைந்த மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. மேஸ்திரி வழக்கமான அளவுக்கே ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும்.

மறுநாள் முதல் வரும் மழை உங்களுக்கு உதவிதான், க்யூரிங் (தளத்தை ஈரமாக வைத்து இறுக விடுவது) தானாக நடக்கும். ஆனால் பருவமழையில் இடையிடையே இரண்டு நாள் வெயில் அடிக்கும். அன்று 'அதான் மழை பெய்ததே' என்று விட்டுவிடுவார்கள். பிபிசி (PPC, நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.