ஈ. கோலையின் மரபணு வரைபடம் ஏன் நிமிடங்களால் அளக்கப்படுகிறது?

மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தை, குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ. கோலையின் வரைபடத்தில் நிமிடக் கணக்கில் குறிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் படித்த காலத்தில் நானும் அதை வெறும் பெயரளவு அலகு என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அது கடிகாரத்தைப் பார்த்து அளந்த நிமிடமே.

பாக்டீரியாக்களுக்கு இடையே மரபுப்பொருள் கைமாறுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946-இல் காட்டினார்கள். பிறகு கண்டறியப்பட்ட ஹெச்எஃப்ஆர் வகைச் செல்கள் (மரபணுக்களை மிக அதிக அளவில் பிற செல்களுக்குக் கொடுப்பவை), தம் குரோமோசோமைக் குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து தொடங்கி, நூலை இழுத்துக் கொடுப்பதுபோல, ஏற்கும் செல்லுக்குள் சீரான வேகத்தில் செலுத்துகின்றன. 1950-களின் நடுவில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மனும் பிரான்சுவா ஜாக்கோபும் கொடுக்கும் செல்களையும் ஏற்கும் செல்களையும் கலந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் சுழற்றி இணைகளைப் பிரித்தார்கள். பிரித்த செல்களை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த, திரியோனினும் லியூசினும் இல்லாத ஊடகத்தில் வளர்த்தபோது, கொடுத்த செல்கள் அம்மருந்தால் மடிந்தன. ஏற்ற செல்களிலும் அவ்விரு அமினோ அமிலங்களுக்கான மரபணுக்களைப் பெற்றவை மட்டுமே பெருகின. இந்தத் தேர்வு முறைதான் சோதனையின் உயிர்நாடி என்பேன். அது இல்லாவிட்டால் கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவே மாற்றம் பெற்றவற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது.

திரியோனின் மரபணு ஏறத்தாழ 8-ஆம் நிமிடத்திலும், லாக்டோஸ் மரபணு 18-ஆம் நிமிடத்திலும், கேலக்டோஸ் மரபணு 25-ஆம் நிமிடத்திலும் உள்ளே நுழைந்தன. நுழையும் வரிசையே குரோமோசோமில் அவை அமைந்திருக்கும் வரிசை. வெவ்வேறு ஹெச்எஃப்ஆர் வகைகள் வெவ்வேறு இடங்களில் தொடங்கி, சில வலமாகவும் சில இடமாகவும் சென்றபோதும், எந்த மரபணுவுக்கு அருகில் எது என்பது மாறவில்லை. குரோமோசோம் ஒரு வட்டம் என்று கொண்டால் மட்டுமே இது பொருந்தும்.

மிக நெருங்கிய மரபணுக்களை இம்முறையால் பிரித்தறிய இயலாது. அவற்றுக்கு, இரண்டும் பாக்டீரியாக்களைத் தாக்கும் பி1 என்ற வைரஸ் ஒன்றிலேயே சேர்ந்து ஏறிச் செல்வது எத்தனை முறை நிகழ்கிறது என்று எண்ணினார்கள்.

முழு வட்டத்துக்கு 100 நிமிடம் என்ற அளவு பின்னர் நிலைபெற்றது. 1997-இல் ஈ. கோலையின் கே-12 என்ற ஆய்வக வகையின் முழு டிஎன்ஏ வரிசை வெளியானபோது அதன் நீளம் சுமார் 46.4 லட்சம் காரஇணைகள் (டிஎன்ஏவின் எழுத்து இணைகள்). திரியோனின் மரபணுக்கள் அருகே எண்ணத் தொடங்கினால், கேலக்டோஸ் மரபணுக்கள் ஏறத்தாழ 7.9 லட்சத்தில், அதாவது வட்டத்தின் 17 விழுக்காட்டில் இருக்கின்றன. மிக்ஸியும் கடிகாரமும் காட்டிய இடைவெளியும், 8-இலிருந்து 25 வரை, அதே 17 நிமிடம்தான்.