வருமானம் 40 சதவீதம் கூடியும் பங்கு ஏன் இறங்கியது?

கேள்வி: ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் 200 பங்குகள் வைத்திருக்கிறேன். போன காலாண்டில் வருமானம் 40 சதவீதம் கூடியதாம். இன்னொரு கம்பெனியில் 51 சதவீதப் பங்கு வாங்கியிருக்கிறார்கள், ராணிப்பேட்டையில் புது ஆலையும் கட்டுகிறார்கள். ஆனால் லாபம் 4 சதவீதம்கூட ஏறவில்லை, மறுநாளே பங்கும் இறங்கிவிட்டது. கணக்கில் தில்லுமுல்லா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆம்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள் சார், அந்த 51-லேயே பாதி பதில் இருக்கிறது. ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணிக் கடையை வைத்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடை மாதம் 10 லட்சத்துக்கு விற்கிறது, லாபம் ஒன்றரை லட்சம். வாணியம்பாடியில் மாதம் 4 லட்சத்துக்கு விற்கும் ஒரு கடையில் 51 சதவீதம் வாங்குகிறீர்கள். நிர்வாகப் பிடி உங்கள் கைக்கு வந்துவிட்டால் அந்தக் கடையின் விற்பனை, 51 சதவீதம் அல்ல, முழு 4 லட்சமும் இரண்டு கடைக்கும் சேர்த்து நீங்கள் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் ஏறும். 10 லட்சம் 14 லட்சமாகிவிட்டது, 40 சதவீத வளர்ச்சி! ஆம்பூரில் ஒரு தேக்சாகூடக் கூடுதலாக இறக்கவில்லை.

லாபத்தில் அப்படி நடக்காது. அந்தக் கடை 40,000 சம்பாதித்தால் மற்ற பங்காளிகளின் 49 சதவீதமான 19,600 கடைசியில் பிரிந்து போய்விடும், உங்களுக்கு 20,400. வாங்குவதற்கு 15 லட்சம் கடன், 12 சதவீத வட்டி என்றால் மாதம் 15,000 அதிலேயே போச்சு. கையில் நிற்பது 5,400, அதாவது ஒன்றரை லட்சத்தில் 3.6 சதவீதம். (வரியை விட்டுவிட்டேன், இதற்கே தலை சுற்றும்.) பிடி இல்லாமல் 49 சதவீதம் மட்டும் வாங்கியிருந்தால் விற்பனையில் ஒரு ரூபாய்கூடச் சேராது, லாபத்தில் உங்கள் பங்கு மட்டும் ஒரே வரியாக வரும்.

அதனால் வாங்கிய கம்பெனியைச் சேர்க்காமல் ஸ்டாண்டலோன் என்று தனியாகக் கொடுத்திருக்கும் கணக்கைப் பாருங்கள், அதையும் போன வருஷத்தின் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். ஏற்றுமதி கம்பெனி என்பதால் இன்னொன்று: டாலர் 83 ரூபாயிலிருந்து 88 ஆனால் அதே ஜோடி ஷூவுக்கு 6 சதவீதம் கூடுதல் வருமானம் தெரியும். நானும் ஒருமுறை தலைப்பை மட்டும் படித்து வாங்கிவிட்டு இரண்டு வருஷம் கையைப் பிசைந்தவன்தான்.

புது ஆலை விஷயம் இனிமேல்தான். கட்டி முடியும்வரை அதன் கடன் வட்டி கட்டுமானச் செலவோடு சேர்ந்துவிடும், லாபத்தைத் தொடாது. ஆலை தயாரானதும் வட்டியும் தேய்மானமும் ஜோடியாக வந்து லாபத்தைக் கடிக்கும், ஆர்டர் முழுசாக வந்து சேரும்வரை காலாண்டு முடிவுகள் கொஞ்சம் வாடித்தான் இருக்கும்.

கேள்வி: கம்பெனியைக் கையில் வைத்து நடத்தும் புரமோட்டரே பங்கு வாங்குகிறார் என்றால் நாமும் வாங்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: எங்கே வாங்குகிறார் என்று பாருங்கள் அம்மா. சந்தையில் நம்மைப் போலக் காசு கொடுத்து வாங்கினால் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பணம் விற்றவருக்குப் போகும், கம்பெனிக்கு வராது. ஏற்கெனவே 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒரு நிதியாண்டில் 5 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் மற்ற பங்குதாரர்களிடமும் வாங்கிக்கொள்வதாக ஓபன் ஆஃபர் கொடுக்க வேண்டும், அதனால் பலர் அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்பார்கள். வாரண்ட், அதாவது குறித்த விலையில் கம்பெனியிடமிருந்தே பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, என்றால் கதை வேறு. முதலில் 25 சதவீதப் பணம் கட்டினால் போதும், மீதிக்கு 18 மாத அவகாசம். விலை ஏறாவிட்டால் மீதியைக் கட்டாமல் விட்டுவிடவும் அவரால் முடியும், கட்டிய 25 சதவீதம்தான் நஷ்டம்.