உணவு விளம்பரங்களை வைத்துப் பதின்வயதினருக்கு ஆங்கிலம் கற்பிப்பது எப்படி?

உணவு விளம்பரத்தையும் பாக்கெட் லேபிளையும் பாடமாக்கி ஆங்கிலம் பழக்குவதுதான் இந்த முறை. இது எடுபடுவதற்குக் காரணம் உண்டு: விளம்பர வாக்கியங்கள் குட்டையானவை, கட்டளையும் ஒப்பீடும் நிறைந்தவை. தவிர, யார் எங்கே சுற்றிவளைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது இந்த வயதுக்குப் பிடித்த வேலை. ஒளிந்துபிடித்து விளையாடும் பிள்ளை தான் ஓடுகிறோம் என்றே நினைப்பதில்லை. இங்கே இலக்கணமும் அப்படித்தான்.

30 விநாடி விளம்பரம் ஒன்றை முதலில் ஒலியில்லாமல் போடுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று ஊகிக்கட்டும். பிறகு ஒலியோடு. ‘ஹெல்தியர்’ (healthier, ‘இன்னும் ஆரோக்கியமானது’) என்று வந்தால் நிறுத்துங்கள். எதைவிட? அந்தப் பாதி பெரும்பாலும் இருக்காது. மாணவர்களே வாக்கியத்தை முழுதாக எழுதட்டும். அடுத்து லேபிள்: ஒரு வேளைக்கு 30 கிராம், அதில் சர்க்கரை 9 கிராம் என்றால் 100 கிராமுக்கு 30 கிராம். இதைக் கண்டுபிடித்ததும் வாய் தானாகத் திறக்கும்.

சிக்கலும் அங்கேதான். விவாதம் சூடானால் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். நாலைந்து ஆங்கில வாக்கியத் தொடக்கங்களைப் பலகையில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். புதுச் சொற்கள் எட்டைத் தாண்டினால் அகராதி வகுப்பாகிவிடும்.

பலர் இதை ஊட்டச்சத்து வகுப்பு என்று நினைக்கிறார்கள். இங்கே திருத்த வேண்டியது மாணவரின் வாக்கியத்தை, அவர் சாப்பாட்டை அல்ல.